ஸ்பீக்கர் காந்தம்

மறுவாழ்வு மையத்தில் நல்லபிள்ளையாக இருக்கும் என் வீட்டுச் சண்டியருக்கு,

குடியில்லாமலே உங்களுக்குச் சோறு இறங்குகிறதாமே, உங்கள் அக்கா சொன்னார். நீங்கள் இல்லாமல் செல்லூரில் தறிச் சத்தத்துக்குப் போட்டியே இல்லை.

நம் ரோகிணி காலேஜ் பாடத்துக்காக என் சேலை ஊக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டாள். அன்றைக்குக் கீழே விழுந்த ஸ்பீக்கரின் காந்தத்தில் (விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம்) அவற்றை ஒட்டி, இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டினாள். சூடு ஏற ஏற ஊக்குகள் உதிர்ந்தன. கடைசியில் ஒன்றுகூட நிற்கவில்லை.

"எத்தன ஊக்கு நிக்கிதுங்கிறதுதாம்மா கணக்கு. உள்ள எல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னாத்தான் இழுக்கும். சூட்டுல ஆளுக்கொரு பக்கம் திரும்பிரும்."

"நம்ம வீடுன்னு சொல்லு" என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

ஆறிய பிறகும் ஒன்றும் ஒட்டவில்லை.

"இழுப்பு தானா திரும்பி வராதாடி?"

"வராதும்மா. பக்கத்துல நல்ல காந்தம் வச்சு ஆறவிடணும்."

கொஞ்சநேரம் கழித்து, "அப்பா எப்ப வாராரு?" என்றாள். கேட்கும்போதே கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மையத்திலிருந்து விட்டதும் உங்கள் அக்கா வீட்டுக்கே போங்கள். ரோகிணி கூப்பிட்டால் வாருங்கள். நான் கூப்பிட்டால் வரவேண்டாம். நான் சீக்கிரமே கூப்பிட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி