தண்ணி என் கண்ணுல

ஜூலை 9, புதன்

வெயிலில் மூக்குத் தோல் மறுபடியும் உரிந்துவிட்டது. தண்ணீர்ப் பூங்காவின் அலைக்குளத்தில் இன்று கூட்டம் இல்லை, ஏதோ கோடை முகாமிலிருந்து இரண்டு பஸ் பிள்ளைகள் மட்டும்.

காலையில் மேற்பார்வையாளர் ரோண்டா மறுபடி ஸ்காலர்ஷிப் பேச்சை எடுத்தாள். ஜூலை முடியும்வரை ஒரு கரும்புள்ளியும் வாங்காத லைஃப்கார்டு ஒருவருக்குப் பூங்கா கம்பெனியே கல்லூரிக் கட்டணம் கட்டும். இந்த வருடம் மிஞ்சியிருப்பது நானும் வெஸ்லியும்தான். எனக்கு டீச்சர் படிப்பு, அவனுக்கு நர்ஸ் படிப்பு.

"ஜெயிக்கிறவங்க தோத்தவங்களுக்கு கஸ்டர்டு ஐஸ்கிரீம் வாங்கித் தரணும். பெரிய கப்" என்றான்.

"நாக்கைத் தொங்கப் போட்டுட்டு இருடா, நானே வாங்கித் தர்றேன்."

ஜூலை 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

குளத்தோர உயர நாற்காலியில் ஆள் மாறும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் குளத்தை அடிவரை ஒரு முறை பார்த்துவிட்டு, "தண்ணி என் கண்ணுல" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் மேலே உட்கார்ந்திருப்பவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கலாம்.

வெஸ்லியை மாற்றப் போனேன். என் கறுப்புக் கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்தது. பனியன் நுனியில் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். குனிந்த தலையோடு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல், தன்னால் வந்துவிட்டது. வெஸ்லி இறங்க ஆரம்பித்தான்.

நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் ஏணியின் பாதியிலிருந்தே அவன் குதித்துவிட்டான். ஆறு வயதுப் பையன், மஞ்சள் டிரவுசர், அலைக்கு அடியில் கிடந்திருக்கிறான். வெஸ்லி தூக்கி வந்து போட்டதும் குழந்தை இருமி, வாந்தியெடுத்து, அம்மாவைக் கூப்பிட்டு அழுதது. அப்பாடா, அழுதது.

ரோண்டா எங்கள் இருவரையும் ஆபீசில் நிற்க வைத்தாள். "தண்ணி யார் கண்ணுல இருந்துச்சு?"

"ஜோலின் சொன்னா. அதக் கேட்டுட்டுதான் இறங்கினேன்" என்றான் வெஸ்லி.

"சொன்னியா, ஜோலின்?"

"ஞாபகம் இல்ல."

வெஸ்லி என்னைத் திரும்பிப் பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை. "அப்ப எனக்குத்தான் கேட்ட மாதிரி இருந்திருக்கும்" என்றான்.

ரோண்டா அவன் பெயருக்கு எதிரே கரும்புள்ளி வைத்து எழுதினாள்: சொல் கேட்காமலே இறங்கிவிட்டான்.

ஜூலை 13

ஞாபகம் இல்லையாம். பொய்க்காரி.

ஜூலை 24, வியாழன்

வெஸ்லியை வாசலில் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கையில் காகிதப் பட்டை ஒட்டும் வேலை. "சில்லுனு நிழல்ல நிக்கிறேன், உனக்குப் பொறாமை" என்கிறான். நான் பின்பக்கக் கதவு வழியாகப் போய்வரப் பழகிவிட்டேன்.

பையனைக் காப்பாற்றியதே அவன்தான். அதை யாரும் பேசுவதில்லை. நானும்தான் பேசவில்லை, வேறு யாரைச் சொல்ல?

ஆகஸ்ட் 9, சனி

ஸ்காலர்ஷிப் கடிதம் வந்துவிட்டது. எனக்குத்தான்.

அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்கக்கூட மறந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "என் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலயாம்! ஒரே ஒரு தப்பு கூட!" நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பேசியபடி பெரிய கப் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்ன தைரியம் எனக்கு!

வெஸ்லி சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஜோ, சிரிக்காம கேளு" என்றான். "அன்னிக்கு உன் குரல் எனக்குத் தெளிவா கேட்டுச்சு. இப்பவும் கேக்குது. நீ சொல்லவே இல்லன்னா அது எப்படிக் கேக்கும்? நாளைக்கு நர்ஸாகி, டாக்டர் ஒரு மருந்து சொல்லி, என் காதுல வேற ஒண்ணு விழுந்துச்சுன்னா? ஒரு உசுரு போயிடும்ல. அந்தப் படிப்பே வேணாம்னு தோணுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஸ்டர்டு உருகுது, சாப்பிடு" என்றேன்.

சீ. நான்லாம் ஒரு மனுஷியா? கண்ணு முன்னாடி ஒருத்தன் முங்கிக்கிட்டு இருக்கான், இப்பவும் கண்ணாடி துடைச்சுட்டு நிக்கிறேனே —

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ரோண்டா திட்டவில்லை. ஒரு தாளைத் தள்ளி, "எல்லாத்தையும் எழுது. கையெழுத்துப் போடு" என்றாள். எழுதி முடித்ததும், "அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அத நான் செய்ய மாட்டேன்."

வாசலில் வெஸ்லி நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டான். பட்டைச் சுருளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் காதுல கோளாறு இல்ல" என்றான். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள், அவன் அசையவில்லை. "ஒரு மாசம், ஜோ. என் காதையே நான் நம்பாம ஒரு மாசம்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, போ" என்றான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13

சொன்னேன். அம்மா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "நீயே திருப்பி அனுப்பு." அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஸ்காலர்ஷிப் வெஸ்லிக்கு. கம்பெனி முதலில் முடியாது என்றதாம், ரோண்டா போனில் சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். அவனை மறுபடி அலைக்குளத்தில் போட்டு, என்னை முழங்கால் ஆழக் குட்டிக் குளத்துக்கு மாற்றிவிட்டாள். நியாயம்தான்.

மதியம் என் நாற்காலியில் ஒரு பெரிய கப் கஸ்டர்டு இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அழுதுகொண்டே தின்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சீசனின் கடைசி நாள். கல்லூரி திறந்து பாதிப் பேர் போய்விட்டதால், லைஃப்கார்டு பரீட்சை மறுபடி வைத்துத்தான் ரோண்டா என்னை அலைக்குளத்துக்கு அனுப்பினாள். நாற்காலியில் வெஸ்லி.

"கிளாஸ் எப்போ?" என்றேன்.

"நாளைக்கு. புத்தகமெல்லாம் வாங்கியாச்சு." சிரித்தான். நல்ல சிரிப்புதான்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். நான்கு மூலையும் பார்த்தேன், அடிவரை பார்த்தேன், இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு சத்தமாகச் சொன்னேன்: "தண்ணி என் கண்ணுல."

"ம்" என்றான். என்னை உட்கார விட்டு ஏணிக்கு மாறினான். கீழே இறங்காமல் முதல் படியிலேயே நின்றுவிட்டான்.

"உனக்கு பிரேக். போய் சாப்பிடுடா."

"பசிக்கல."

அவனுடைய இருபது நிமிட இடைவேளை முழுக்க அந்தப் படியிலேயே நின்று, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.