நரஜித்தின் எலும்பு கிடைக்கும்வரை அமைதிச் சாலைக்கு மலையை வெட்டாதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
டம்பர்சிங் புடா,
தலைவர், மேலூர் கீழூர் நல்லிணக்கக் குழு (பதிவு செய்யப்படாதது),
லாம்தாரா, மேற்கு மலை, நேபாளம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டத் தலைமை அதிகாரி அவர்கள்,
மாவட்டத் தலைமையகம்.

பொருள்: தங்கள் அமைதித் திட்ட அலுவலர் திரு. பிரமோத் ரிஜால் எங்கள் ஊர் அமைதியைக் கெடுத்தது குறித்தும், அவர் எனக்கு அனுப்பிய நோட்டீஸ் குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் இந்த மலையில் மனு எழுத வேண்டுமென்றால் வக்கீலைத் தாண்டி என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய மனுவால் ஒரு பாலமே வந்தது. ஆகவே இதைப் பாதியில் மடித்து வைத்துவிட வேண்டாம்.

2. சண்டைக் காலத்தில் மேலூர் கிளர்ச்சிக்காரர் பக்கம், எங்கள் கீழூர் போலீஸ் பக்கம். தலைநகரில் சமாதானக் கையெழுத்துப் போட்ட பிறகும் இங்கே ஒரே சுனையில் இரண்டு ஊரும் தண்ணீர் எடுக்கவில்லை. அப்போது எந்த அலுவலரும் வரவில்லை. பெண்கள் சங்கமும் காட்டுக் குழுவும் நானும் சேர்ந்து மேலூர் ஆளுக்கும் கீழூர் ஆளுக்கும் மீத் கட்டி வைத்தோம். யோசனை என்னுடையது. பெண்கள் சங்கத்தார் தங்களுடையது என்பார்கள், நம்ப வேண்டாம்.

3. தாங்கள் சமவெளிக்காரர் என்பதால் சொல்கிறேன். மீத் என்பவன் உடன்பிறப்புக்கு ஒரு படி மேல். குல்லா மாற்றிக்கொண்டால் அவன் வீட்டுச் சாவு என் வீட்டுத் தீட்டு. அவன் பெயரை நான் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. எனக்கு வாய்த்தவன் மேலூர் முன்னாள் கிளர்ச்சிக்காரன். பயிற்சியில் அவன் கரடியை வெறுங்கையால் விரட்டினானாம். நான் இரண்டு விரட்டியிருக்கிறேன்.

4. என் அண்ணன் மகன் நரஜித் தபால் சுமந்தவன். துப்புச் சொல்பவன் என்று சந்தேகப்பட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. அவன் மனைவி மன்சரி இன்றுவரை வகிட்டில் குங்குமமும் கழுத்தில் சிவப்புப் பாசியும் போட்டிருக்கிறாள். கழற்று என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கல்யாண வீட்டில் அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியாமல் அழைப்பதையே விட்டுவிட்டார்கள்.

5. போன அறுவடைக்குப் பிறகு என் மீத் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "மீத், உங்க பையனுக்குக் குழி வெட்டினது நான்தான். நான் சுடல. வெட்டுன்னாங்க, வெட்டினேன். இடம் தெரியும்." நான் அவனை நம்பினேனா, அன்றிரவு அரிவாளைத் தேடினேனா என்பதெல்லாம் இம்மனுவுக்கு உரியதல்ல. காலையில் மன்சரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "மாமா, தண்டனை வேணுமா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவரு எங்க கெடக்காருன்னு காட்டச் சொல்லுங்க" என்றாள்.

6. மீத் ஒரே நிபந்தனை வைத்தான்: சீருடையும் கேமராவும் வரக்கூடாது. குழு ஒப்புக்கொண்டு, இடத்தைக் காட்ட ஒரு நாளும் குறித்தது. அன்று யாரும் மலைக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் திரு. ரிஜாலிடம் போனேன். "கவலைப்படாதீங்க பெரியவரே, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று தேநீர் கொடுத்தார். நானும் குடித்தேன். 

7. குறித்த நாளில் அவர் என்ன பார்த்துக்கொண்டார் என்றால்: வரவேற்பு வளைவு, ஷெனாயும் மத்தளமுமாக மேளக்காரர்கள், துப்பாக்கியோடு இரண்டு வண்டிப் போலீஸ், "முன்னாள் கிளர்ச்சியாளர் புதைகுழியை அடையாளம் காட்டுதல்" என்று அச்சடித்த பதாகை. மேளச் சத்தத்தில் மிரண்டு என் எருமை அன்று கறவையில் நிறுத்திய பாலை இன்றுவரை முழுதாகத் தரவில்லை. மன்சரி குளித்து, வெள்ளைப் புடவையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் மீத் மண்வெட்டியோடு மேட்டில் தலை காட்டினான். நீலச் சீருடையைக் கண்டான். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே போனான். எல்லை தாண்டி இந்தியாவில் எங்கோ கல் சுமக்கிறானாம்.

8. திரு. ரிஜால் அப்போதும் கலங்கவில்லை. மன்சரிக்குச் சால்வை போட்டு, "கொஞ்சம் சிரிங்கம்மா, படம் நல்லா வரணும்" என்றார். இதை நான் ஜோடிக்கவில்லை. வேறு இடங்களில் கொஞ்சம் ஜோடித்திருப்பேன், இதை இல்லை.

9. பிறகு எனக்கு நோட்டீஸ்: பதிவில்லாத குழு சமாதானப் பணி செய்வது குற்றம், இடம் தெரிந்தவனின் பெயரை உடனே எழுதித் தர வேண்டும். பெயரை எழுதினால் நான் மீத் இல்லை. மற்ற எல்லா மீத்தும் அன்றோடு அறும். சுனையில் மறுபடி இரண்டு வரிசை நிற்கும். எழுத மாட்டேன். சிறையில் போடுவதானால் நல்ல கம்பளியுடன் போடவும்.

10. இதைவிட அவசரமானது ஒன்று. அதே மேட்டில் தங்கள் திட்டத்தின் மண் வெட்டும் இயந்திரம் வந்து நிற்கிறது. மாசி பிறந்ததும் "அமைதிச் சாலை" வெட்டுவார்களாம். நரஜித் அந்தச் சரிவில் எங்கே இருக்கிறான் என்று அறிந்த ஒரே மனிதனைத் துரத்திவிட்டு, சரிவையே வாரிப் பள்ளத்தில் கொட்டப் போகிறார்கள். இதற்கு அமைதி என்று பெயர் வைத்தவர் எவரோ அவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

ஆகவே ஐயா, அந்த இயந்திரத்தைக் கீழே இறக்க வேண்டும். நோட்டீஸைத் திரும்பப் பெற வேண்டும். காட்ட வருபவனை அன்று மேட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று தங்கள் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு தாள் தர வேண்டும். எல்லை தாண்டிப் போய் அதை அவனிடம் நானே சேர்ப்பேன். மற்றதெல்லாம் நாங்களே செய்துகொள்வோம். இதுவரை அப்படித்தான் செய்தோம்.

இம்மனுவை மன்சரிக்குப் படித்துக் காட்டினேன். எருமை, கரடி எல்லாம் எதற்கு என்று கேட்டாள். தன் பங்குக்கு அவள் சேர்க்கச் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்:

"அவன பயப்படாம வரச் சொல்லுங்க. அந்த ஒரு நாள் நான் எதுவும் கேக்க மாட்டேன். மறுநாள் கேப்பேன்."

இடம்: லாம்தாரா
நாள்: தை மாதம், இரண்டாம் வாரம்

இப்படிக்கு,
டம்பர்சிங் புடா (கையொப்பம்)
மன்சரி கர்த்தி (இடது பெருவிரல் ரேகை)