தொழுவம் என்று எழுதிய வீடு

அக்கா,

இன்று காலை பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் வாசலில் தார் காய்ச்சினார்கள். யுத்தம் வந்த பிறகு தார் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது. ராஜபாளையம் பக்கம் ரோடு போட்டவர்களிடம் கெஞ்சி ஒரு டின் வாங்கி வந்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் ஓடைக்கரைக் கற்களில் பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு இழுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய ஹெட்கிளார்க் நான்தான். வாசனை மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். பொய் சொல்வதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்தத் தார்க்கோட்டை நீ ஒரு நாளும் மதித்ததில்லை. நம் ஓடை ஒரு ஐப்பசியில் ஊருக்குள் புகுந்து மேலத்தெருவரை ஏறியதே, அதற்குப் பிறகு வந்த கோடு அது. தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கல் நட்டு, தார் பூசி, போர்டில் விதியும் எழுதினார்கள். கோட்டுக்குக் கீழே புதிதாகக் குடியிருப்பு கட்டக்கூடாது. முன்பே இருந்த வீடுகள் இருக்கலாம், ஒரு அறைகூடக் கூட்டக்கூடாது. வைக்கோல் படப்பு, களம், தொழுவம் போட்டுக்கொள்ளலாம். அத்தனையையும் சுத்தப் பிரதி எடுத்தது என் கை. சாப்பிடும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருப்பேன். நீ குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாய்: “ஏலே, ஓடைகிட்ட இதை வாசிச்சுக் காட்டிட்டியா? சரின்னுச்சா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “நீ சிரி. மலையில மேகம் இறங்கினா அப்பத் தெரியும்” என்பேன்.

மலையில் மேகம் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. மேல் மதகுக் காவலாள் ஊருக்கு ஆள் அனுப்புவார். உடனே தமுக்குக்காரர் கோட்டுக்குக் கீழே இருக்கிற வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். எந்தெந்த வீடு என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். அதுவும் என் கையெழுத்துதான்.

அத்தான் இறந்து, வத்திராயிருப்பிலிருந்து நீ பிள்ளை எஸ்தரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஒரு கூடமும் ஒரு அடுப்படியும் உள்ள வீடு. என் பெண்டாட்டியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவளும் பிள்ளை பெற்று ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அன்று அவள் சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. எஸ்தர் நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டே இருந்தாள். கைப்பிள்ளை விழித்து அழுதது. “இருமக்கூட சொந்த வீடு வேணும் போல” என்றாள் என் பெண்டாட்டி, சுவரைப் பார்த்து. நீ எஸ்தரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

ஓடைக்கரையில் அப்பா உனக்குச் சீதனமாக எழுதிவைத்த துண்டு நிலத்தில்தான் உன்னைக் கண்டுபிடித்தேன். பூசணிக்கொடிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாய். உலகத்தில் உனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் தார்க்கோட்டுக்குக் கீழே.

“எனக்குன்னு நாலு சுவரு இருந்தாப் போதும்லே. எம்பிள்ளை அதுக்குள்ள எம்புட்டு வேணும்னாலும் இருமட்டும்” என்றாய்.

“இங்க கட்டக்கூடாதுக்கா.”

“நான் உன்னையக் கேட்டனா? கூடாதுன்னா கூடாது. உன் வீட்டுல ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்.”

கேட்கவே இல்லை நீ. அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். நாலு நாள் கழித்து யோசனையைக் கொண்டுவந்தவன் நான். வீடு என்றால்தானே கூடாது? தொழுவம் என்று எழுதினால்? நீ நம்பாமல் பார்த்தாய். என்னைக் கையில் பிடிக்க முடியாது அன்று. விதியை எழுதத் தெரிந்தவனுக்கு அதில் நுழையவும் தெரியும் என்று மார்தட்டினேன். அன்று மாலையே பிளான் வரைந்தேன். கழுநீர்த் தொட்டி ஒன்று, மாடு கட்ட முளைக்குச்சி நாலு என்று மசியில் அழகாகப் போட்டேன்.

நீ எட்டிப் பார்த்துவிட்டு, “என்னைய எந்த முளையில கட்டப் போற?” என்று கேட்டாய்.

“ஓரத்து முளையில. வைக்கோல் தாராளமாப் போடுவேன்.”

எத்தனை நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாய்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் பத்துப் பொய் எழுதியிருப்பேன்.

சுவர் எழும்பிய பிறகு ஓவர்சீயர் பார்வையிட வருகிறார் என்றதும் நமக்குக் கை கால் ஓடவில்லை. தொழுவம் இருக்கிறது, மாடு எங்கே? என் தெருவில் தெலுங்கு பேசுகிற அந்த அம்மாதான் கைகொடுத்தார். “மா ஆவு ரொம்ப சாது. யாரையும் முட்டாது, கூட்டிட்டுப் போ” என்று தன் பசுவின் கயிற்றை உன் கையில் கொடுத்தார். மாடு சாதுதான். ஆனால் நீ அவசரத்தில் உத்தரத்தில் சொருகியிருந்த உன் ஓலைப்பாயை இழுத்து, ஓவர்சீயர் முன்னாலேயே பாதியைத் தின்றுவிட்டது. அவர், “நல்லாத் தீனி எடுக்குதே” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் தலை மறைந்ததும் நீ பாயின் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தாய்.

அந்த வீட்டில் நீ இரண்டு வருஷமும் சில மாதங்களும் இருந்தாய். சட்டி பானை ஆறோ ஏழோதான் இருக்கும். ஆனால் நீ நடந்த நடையே மாறிவிட்டது. நான் வந்தால், “வாங்க போர்டு ஐயா, தொழுவத்துக்கு வாங்க” என்று வாசலில் நின்று கூப்பிடுவாய். உன் கையால் வரக்காப்பி குடித்துவிட்டுப் போவேன். உன் முகத்தில் அந்தத் தெளிவைப் பார்த்தபோது, நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

தமுக்குக்காரர் பட்டியலில் உன்னைச் சேர்க்க ஒரு தடவை பேனாவை எடுத்தேன், அக்கா. சத்தியமாக எடுத்தேன். ஆனால் அந்தப் பட்டியல் பிரசிடெண்ட் கையெழுத்துக்குப் போகும். ‘இதென்ன புது வீடு?’ என்று கேட்டால் என்ன சொல்வது? மேகம் இறங்கினால் நானே ஓடிப்போய்க் கூப்பிட்டுவிட மாட்டேனா, நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தமுக்குக்காரருக்கும் நீ அங்கே இருப்பது தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். தாலுகா கச்சேரியில் ஒரு தபால் கொடுக்கிற வேலை. எஸ்தர் அங்கே மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீ கொடுத்தனுப்பிய கருப்பட்டிப் பணியாரத்தை அவளிடம் கொடுத்தேன். “அம்மா என்ன செய்யுதாக?” என்று கேட்டாள். “கிறிஸ்மஸ் லீவுக்கு நீ வாரேன்னு வீட்டுக்கு வெள்ளையடிக்கா” என்றேன். மூன்று பணியாரத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தோழிகளுக்கென்று எடுத்துக்கொண்டு ஓடினாள். ஊரெல்லாம் நல்ல வெயில். மலைப் பக்கம் மட்டும் கருகருவென்று இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று மடவார் வளாகம் பக்கம் ஒரு கடையில் காப்பி குடித்தேன். அன்றோடு காப்பியை விட்டுவிட்டேன்.

ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். “ஓடை வந்துருச்சு, இனிமே போக ஏலாது” என்றார். ஒரு சொட்டு மழை இல்லை. வெயிலில் செம்மண் தண்ணீர் மரத்தைப் புரட்டிக்கொண்டு போயிற்று. மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கோட்டுக்குக் கீழே பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் கோழி, பெட்டி, பிள்ளைகளோடு மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லை. அவர்களுக்குள் உன்னைத் தேடினேன். முகம் முகமாகத் தேடினேன்.

நம் தமுக்குக்காரர் அன்று ஒரு சாவு வீட்டுக்கு அசலூர் போயிருந்தார். அவர் மருமகன்தான் தமுக்கோடு வந்தவர், ஊருக்குப் புதிது. நன்றாக எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆள் வெளியே வந்த பிறகே நகர்ந்திருக்கிறார். எழுதியிருந்தபடி எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். உன் வீடு திருப்பத்துக்கு அந்தப் பக்கம், புளியந்தோப்பு மறைப்பில். தூரத்தில் கேட்ட தமுக்கை நீ ஏல அறிவிப்பு என்று நினைத்தாயோ, காதில் விழவே இல்லையோ, எனக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை.

மறுநாள் கீழே ஆலமரத்து வேரில் கிடைத்தாய். உன் நகத்தில் சுண்ணாம்பு இருந்தது. அவ்வளவு தண்ணீருக்கும் அது போகவில்லை.

இனி எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. விசாரணைக்கு வந்த அதிகாரி பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, “தொழுவத்துல அந்த அம்மாவுக்கு என்ன வேலை?” என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது என் அக்கா வீடு, நான்தான் பொய்யாக எழுதினேன் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், ஜெயிலுக்கும் போயிருப்பேன். உன்னை ஓடைக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம் இருந்தது, அக்கா. சீ, என்ன பிறவி நான்!

“மாட்டை அவிழ்க்கப் போனாங்க” என்றேன்.

“மாடு?”

“அதுவும் போயிருச்சுங்க.”

எழுதிக்கொண்டார். வெளியே அந்த மருமகன் குத்துக்காலிட்டு அழுதுகொண்டிருந்தார். “ஐயா, நான் எந்த வீட்டையாவது விட்டுட்டனா?” என்று என் காலைப் பிடித்தார். “இல்ல. நீ லிஸ்ட்படி சரியாத்தான் போயிருக்க” என்றேன். அன்று முழுக்க நான் பேசிய ஒரே நிஜம் அதுதான்.

அடக்க ஆராதனையில் போதகர் வாயில்லா ஜீவனுக்காக உயிரைக் கொடுத்தவள் என்று உன்னைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கோயிலே தேம்பியது. கயிற்றைக் கொடுத்த அந்தத் தெலுங்கு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த வருஷமே தொழுவத்துக்கும் தமுக்கு போக வேண்டும் என்று விதியில் சேர்க்க வைத்தேன். இன்று வரை மேகம் இறங்கினால் தமுக்குக்காரர் கூட நானும் ஓடுகிறேன். ஒவ்வொரு தொழுவத்திலும் தலையை நுழைத்து, “உள்ளே யாரு?” என்று கத்துகிறேன். மாட்டுக்குத் தமுக்கடிக்கிற குமாஸ்தா என்று ஊரில் எனக்குப் பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எஸ்தரை நாங்கள்தான் வளர்த்தோம். என் பெண்டாட்டி அவளைத் தன் பிள்ளைக்கு ஒரு படி மேலாகவே பார்த்தாள், அதையும் நீ தெரிந்துகொள். இப்போது அவள் ராஜபாளையத்தில் வாத்தியாரம்மா. வருகிற தையில் கல்யாணம். சொல்லாமல் அவளைக் கட்டிக்கொடுக்க என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில், ஒரு வேப்பமரத்தடியில் அவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். பிளான், பட்டியல், மாடு எல்லாம். அவள் திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்படிப் போனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. நம்மகிட்ட மாடு ஏது?” என்றாள்.

“பொறவு ஏன்ட்டி இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்கல?” என்றேன்.

சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள்:

“கேட்டா வெளிய தெரிஞ்சுரும், உங்களையும் பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு நினைச்சேன். அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா, லீவுக்கு நான் யாரு வீட்டுக்குப் போவேன்?”

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அக்கா.