இடது பக்கம் மங்கல்

முந்தாநாள் மதினி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தார். மகனோடு இருக்க மதுரைக்குப் போகிறாராம், வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார். "இதப் பத்தி எனக்கு என்ன தெரியும் தம்பி. அவிய பொருளு, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். திறந்ததும் பழைய ரப்பர் வாடை அடித்தது. உள்ளே உம்முடைய இயர்போன், நீர் எப்போதும் சுற்றி வைப்பது போலவே எட்டுப் போட்டுச் சுற்றியபடி இருந்தது. அதற்கு அடியில் நீர் குறிப்பெழுதிய நோட்டு. நீர் போய் நாலு வருஷம் ஆகிறது. கொஞ்ச நேரம் உம்மை நினைத்துக் கண் கலங்கலாம் என்றுதான் டப்பாவைத் திறந்தேன். நோட்டைப் புரட்டிய பிறகு வந்தது கண்ணீர் இல்லை, ஆத்திரம். நீர் இருந்திருந்தால் உம் வாசலில் வந்து நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டிருப்பேன்.

இந்த இயர்போன் வந்த கதை நினைவிருக்கிறதா வே? மதினியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. காதுக்குள்ளேயே போய் உட்காரும் சாமான், அப்போது கோவில்பட்டியில் அப்படி ஒன்றை வேறு யார் காதிலும் நான் பார்த்ததில்லை. விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்னீர். அந்தப் பாதிக்கே மதினி ஒரு வாரம் உம்மோடு பேசவில்லை. அதை உம் கம்ப்யூட்டரில் சொருகினால் பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் ஓர் உறுமல். பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் நான், கம்ப்யூட்டர் என் பாடு என்று சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து அழித்துப் போட்டேன். விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். உறுமல் அப்படியே இருந்தது.

நீர் வீடு வீடாக வயரிங் செய்கிற ஆள். கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தீர், சுருக்கென்றது. எர்த் சரியில்லை என்று எழுந்து கொல்லைக்குப் போனீர். சித்திரை வெயிலில் கரிசல் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. எர்த் கம்பியைச் சுற்றி மண் விலகி, கம்பி அந்தரத்தில் நின்றது. உப்பைக் கரைத்து ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றினீர். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், அது மதினி எடுத்து வைத்திருந்த குடிதண்ணீர்.

"குடிக்கத் தண்ணி இல்லாமக் கெடக்கோம், கம்பிக்கு ஊத்துதீங்களே!" என்று மதினி கத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஓடி இயர்போனை மாட்டினேன். உறுமல் இல்லை. அடங்கியே போயிருந்தது.

அன்றிலிருந்து உம் காதும் உம் புத்தியும் எனக்கு வேதவாக்கு. அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் உம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். கதவை அடைத்து, சத்தம் கெடுக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவீர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லும் சத்தம் காதுக்குள் இடிக்கும் என்பதால் கடலைமிட்டாய்த் தட்டைத் தொடக்கூடக் கூடாது. ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்போம். "மூணாவது அடியில தபேலாவுக்குப் பின்னால ஒருத்தர் இருமுதாரு, கேக்குதா வே?" என்பீர். பத்தாவது தடவை எனக்கும் கேட்கும். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத்தான் இடது பக்கம் மங்கலாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தீர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது என்பது உம் சட்டம். ஜாக்கைத் துடைத்தோம், எழுதினீர். கேபிளை மாற்றினோம், எழுதினீர். எர்த் குழிக்கு இரண்டு குடம் ஊற்றினோம், மதினியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அப்புறம் மதுரைக்குப் பஸ் ஏறிப் புது சவுண்ட் கார்டு வாங்கி வந்தோம். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. கடைசியில் திரையில் பேலன்ஸ் குமிழை இடது பக்கமாக முக்கால்வாசி தள்ளி வைத்துவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு" என்றீர்.

அடுத்த பங்குனியில் எட்டயபுரத்தில் ஒரு வீட்டு வேலையில் ஏணியிலிருந்து விழுந்தீர். தலை சுற்றியது என்று நீர் சொன்னீர், செருப்பு வழுக்கியது என்று நாங்கள் சொன்னோம். பிறகு சமதரையிலேயே தள்ளாட ஆரம்பித்தீர். மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து, காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி என்றார். "இடது காது எப்போதிருந்து மந்தம்?" என்று கேட்டார். "ஒரு மாசமா இருக்கும் சார்" என்றீர். நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கட்டி சின்னதாக இருந்திருக்கும் என்றார் அவர். ஆபரேஷனுக்கு உள்ளே போன நீர் கண் திறக்கவே இல்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். முதல் சவுண்ட் கார்டு வாங்குவதற்கு முந்தின வாரம், ஒரு பக்கத்தின் கடைசி வரிகள் இவை: "வலது பீஸை இடது காதிலும் இடது பீஸை வலது காதிலும் மாற்றி மாட்டினேன். அப்பவும் இடதுதான் மங்கல். காதோ?"

என்ன மனுஷன் வே நீர்! பழுது இயர்போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்தால், மாற்றி மாட்டும்போது மங்கலும் வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோளாறு உம் காதில் என்று உமக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றினீர். பக்கத்துத் தெருவில் டாக்டர் இருக்கும்போது ஒன்றரை வருஷம் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தீர். காது போய்விட்டால் மரியாதை போய்விடும் என்று பயமா? மதினி எடுத்து வைத்த குடிதண்ணீரையெல்லாம் கம்பிக்கு ஊற்றினீரே, அவரிடமாவது சொல்லக்கூடாதா? டாக்டரிடம் கூசாமல் ஒரு மாதம் என்றீரே. உம் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பேத்தி பிறந்திருக்கிறாள். உம்மை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

இதுவரை நேற்று எழுதியது. ஆத்திரத்தில் நோட்டை மூடி அந்தப் பக்கம் வீசிவிட்டேன். இன்று காலை கடையைத் திறந்ததும் எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மேலே ஞாயிறு என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தீர்.

"அவரையும் கேட்கச் சொன்னேன். அவருக்கும் இடது மங்கல்தான். அப்போ காது இல்லை. கார்டு மாற்றணும்."

அவர் என்று நீர் எழுதியிருப்பது என்னைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படியே கண்முன் நிற்கிறது. இயர்போனை என் கையில் கொடுத்துவிட்டு, என்றைக்கும் இல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர். "நல்லாக் கேட்டுச் சொல்லும் வே. அவசரம் இல்ல. இடது எப்படி இருக்கு?" என்றீர். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் எங்கேயோ ஒருத்தர் இருமுவதைக் கேட்கிற காது உமக்கு. உமக்குக் கேட்கிற குறை எனக்குக் கேட்கவில்லை என்றால் நான் எதற்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்? வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்பது போல நடித்துவிட்டு, "ஆமா வே, லேசா மங்கலாத்தான் இருக்கு" என்றேன்.

நீர் பெருமூச்சு விட்டீர். எழுந்து ஃபேனைப் போட்டீர். கடலைமிட்டாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினீர். வழக்கத்துக்கு மேல் சந்தோஷமாக இருந்தீர் என்பது இப்போதுதான் புரிகிறது.

நீர் ஒளிக்கவில்லை. டாக்டரிடம் பொய்யும் சொல்லவில்லை, கம்ப்யூட்டர்தான் காரணம் என்று கடைசி வரை நம்பியிருக்கிறீர். நம்ப வைத்தவன் நான். நேற்று உம்மேல் கொட்டிய அத்தனை வசவும் என் மேல் விழ வேண்டியது. அதற்காக நேற்று எழுதிய பக்கங்களைக் கிழிக்கவில்லை, உம் சட்டப்படி எழுதியது எழுதியதுதான். ஆனால் உம்மேலும் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. எர்த் குழி வரைக்கும் போய்ப் பார்த்த ஆள் ஐயா நீர். நீரே மாற்றி மாட்டிப் பார்த்ததைத் தள்ளிவிட்டு, என் ஒரு சொல்லை மட்டும் ஏன் சோதிக்காமல் நம்பினீர்?

மத்தியானம் கடைப் பையனை வீட்டுக்கு அனுப்பினேன். ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, இயர்போனைத் துடைத்து மாட்டினேன். அதே பாட்டு. மூன்றாவது அடியில் அந்த மனிதர் இருமினார். இடதையும் வலதையும் மாற்றி மாட்டி மறுபடி கேட்டேன். பிறகு உம் நோட்டில், அந்த ஞாயிறுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன்.

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் கேக்குது வே. அன்னைக்கும் அப்படித்தான் கேட்டுது."