பதினோரு நாள் சுகப்பிரசவம்

என் நடு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமில்லை என்று தெரிந்ததால்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார். இந்த வாரம் நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் "அடுப்புல வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அப்படி என்னதான் சமைக்கிறாய்? கடிதத்தை அந்த மாதிரி வைக்க முடியாது.

உன் மகளுக்குப் பிள்ளை பிறந்த அன்று நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. "சுகப்பிரசவம்மா. உன் பேத்தி உன்னை மாதிரியே. தானே நடந்து போய்க் கட்டில்ல படுத்தா" என்றாய். நானும் தெருவில் இறங்கி, தையற்காரி முதல் பால்காரர் வரை சொல்லிவிட்டு வந்தேன். இனி அந்தப் பால்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தியையும் அவள் பிள்ளையையும் படத்தோடு காட்டினாயே. நான் பிள்ளை முகத்தைப் பார்த்து என்னவோ உளறிக்கொண்டிருந்தேன். என் மருமகள், உன் அண்ணிதான், பின்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேத்திக்கு இருமல் வந்தது. இருமுவதற்கு முன்னால் தலையணையை இழுத்து அடிவயிற்றில் அழுத்திக்கொண்டாள். பிறகு எழுந்தாள், நேராக எழவில்லை, ஒருக்களித்து, கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறு பெற்ற எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. போனை வைத்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அது ஆபரேஷன் பண்ண வயிறு" என்றாள். பத்தொன்பது வருஷமாக "சாப்பாடு வெச்சிருக்கு", "கதவைச் சாத்திக்கோங்க" என்பதைத் தவிர என்னிடம் வாய் திறக்காதவள்!

நேற்று நீ கடைக்குப் போன நேரம் பார்த்துப் பேத்தியே கூப்பிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். உள்ளே பிள்ளையின் துடிப்பு இறங்கிவிட்டதாம், டாக்டர் கொஞ்சமும் தாமதிக்காமல் அறுத்து எடுத்தாராம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கேயாவது திருடிக்கொண்டு வந்தோமா? வருகிறவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் "நார்மலா, சிசேரியனா" என்று கேட்கிறார்களாம். நீ உடனே உன் மகளை எழுந்து நிற்கச் சொல்வாயாம், அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடச் சொல்வாயாம். "படுத்தே கிடந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?" என்பாயாம். பதினோரு நாளாக இந்தக் கூத்து. மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருப்பது உனக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், புதன்கிழமை சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாயாமே. அடிப்பாவி! அந்த அம்மாள் வந்து பார்க்க உன் பெண் இருக்க வேண்டாமா?

சம்பந்தியம்மாளை எனக்குத் தெரியாதா? முதல்முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோதே, "எங்க வீட்டுல எவளுக்கும் கத்தி பட்டதில்ல" என்று ஆரம்பித்தவள். எல்லோருக்கும் நல்ல நாற்காலி. எனக்கு மட்டும் கால் ஆடுகிற நாற்காலி. இரண்டையும் நான் மறக்கவில்லை.

ஆனால் பழியை முழுக்க அவள் தலையில் கட்ட முடியவில்லை. நீ ஊருக்கு மட்டுமா பொய் சொன்னாய்? எனக்கும்தானே சொன்னாய்? ஏன் என்று யோசித்தால் என் வாயே கசக்கிறது. உன் அண்ணி பிள்ளை பெற்ற அன்று வார்டில் ஏழு பேர் முன்னால், "வலி தெரியாம பெத்தவளுக்குப் பாசம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டேன். நீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். சிரிக்கவும் செய்தாய். அவள் ஒன்றரை நாள் துடித்த பிறகுதான் அறுத்தார்கள். வலியும் அவளுக்கு, கத்தியும் அவளுக்கு, பேச்சும் அவளுக்கு. அடுத்தவர் என்னைச் சொன்னது எல்லாம் நாள் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் மறந்துபோயிற்று. நீ மறக்கவில்லை.

என் பெருமையின் லட்சணத்தையும் கேட்டுக்கொள். உன்னைப் பெற்ற மறுநாளே வாளி தூக்கினேன் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சேலை நனைகிறது. நாற்பத்தாறு வருஷம். பஸ் பயணம் என்றால் ஏதாவது சண்டை கிளப்பி நான் நின்றுவிடுவது அதனால்தான். உன் வீட்டுக்கு வராததும் அதனால்தான்; நீ நினைக்கிற காரணம் இல்லை. உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அதற்காக ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை எந்த வழியாக வந்தாலும் ஒருத்தியின் உடம்பைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறது. அதற்குப் போய்ப் போட்டியா?

இதை உன் அண்ணிதான் கொண்டு வருகிறாள். நான் போகச் சொல்லவில்லை. ஆலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, "காலைல ஆறு மணி பஸ்ல கிளம்பறேன். எழுதறதுன்னா எழுதிக் குடுங்க" என்றாள், அவ்வளவுதான். அவள் வாசலில் நிற்கும்போதே வண்டி பிடித்துப் பேத்தியை ஏற்று. புதனாவது, வியாழனாவது! கடிதத்தை மடிக்கக்கூட நிற்காதே. தெருவில் எவள் கேட்டாலும் ஆபரேஷன் என்று சொல். உனக்கு வாய் வராவிட்டால் சும்மா இரு, அண்ணி சொல்வாள்.

பேத்திக்கு ஒரு குறையும் வராது. அவளும் அவள் பிள்ளையும் நூறு வயது இருப்பார்கள். டாக்டர் சொல்கிற வரை அவளை ஒரு டம்ளர்கூடத் தூக்க விடாதே.

வேலை முடிந்தது என்று அண்ணியை அன்றைக்கே அனுப்பிவிடாதே. உட்கார வைத்து, முதல் சாப்பாடு அவளுக்குப் போடு. வார்டில் சிரித்ததற்கு நீ சொல்ல வேண்டியதை நீ சொல்லிக்கொள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வருவதில்லை. கவரை ஒட்டாமல்தான் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். பஸ்ஸில் நாலு மணி நேரம் ஆகும். அவளுக்கு நன்றாகப் படிக்க வரும்.

இப்படிக்கு,
அம்மா