கால் தரையில் படும்வரை

உன் முக்குளிப்பு ரப்பர் உடுப்பை நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் கம்பியில் காயப் போட்டிருக்கிறேன். கடலைத் தவிர வேறெங்கும் இதை நீயும் போட்டதில்லை, நானும் போட்டதில்லை. திருகோணமலையில் நல்ல தண்ணீரில் அலசி, ஷாம்பூ போட்டுக் கழுவி, சுருட்டிப் பையில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். வட்டகொடையில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உப்பு மணமே இல்லை. சேறும் அழுகிய இலையும் கலந்த டேம் மணம். நம் லயத்தில் பிறந்த எவருக்கும் அந்த மணம் தெரியும்.

"இது கடல் மணம் இல்லடி," என்றாள் அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "வீட்டுக்குள்ள கொண்டாராத."

ரப்பர் பழசானால் அப்படித்தான் நாறும் என்றேன். அம்மா வாசலில் சாம்பிராணி போட்டாள். புகை அடங்கிய பிறகும் மணம் அடங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் பிறப்பதற்கு முன்பே டேம் வந்துவிட்டது. பழைய லயமும் அதன் மாடசாமி கோயிலும் தண்ணீருக்கடியில். அந்தத் தண்ணீரில் விழுந்தவர்களைத் தேடி எடுப்பது உன் அப்பா. யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை அது. பொலிஸ்காரர்கள் அணைக்கட்டில் சப்பாத்து நனையாமல் நிற்பார்கள். தோட்டத்து ஆள் ஒருவர் முங்கித் தோட்டத்து ஆளைத் தூக்கி வருவார். அவருக்கு நெஞ்சு சரியில்லாமல் போனதும் உன்னைக் கூப்பிட வந்தார்கள். நீதான் அவரைப் போல மூச்சடக்குவாய் என்று எவனோ சொல்லிவிட்டான்.

"பொம்பளப் புள்ள பொணத்துக்கு முங்குறா. இவள எவன் கட்டுவான்?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருத்தி கேட்டாள். நீ சவர்க்காரம் போட்டுக்கொண்டே சொன்னாய்: "செத்தவன் எவனாச்சும் கட்டுவான், விடுங்கக்கா. அவன் குடிக்கவும் மாட்டான், அடிக்கவும் மாட்டான்." பீலியே சிரித்தது. கேட்டவள் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேலே வந்ததும் வாயைத் திறக்கக் கூடாது. ஆள் கிடைத்ததா இல்லையா என்று கரை முழுக்கக் கத்தும். முங்கியவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நீந்தி வந்து, கால் தரையில் பட்ட பிறகுதான் பேச வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு உன் அப்பா சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: முன்னொரு தடவை யாரோ தண்ணீரிலிருந்தே 'கெடச்சிருச்சு' என்று கத்த, கரையில் நின்ற தாய் பாய்ந்துவிட்டாளாம். லயத்தில் மற்றவர்கள் சொன்ன காரணம் வேறு. தண்ணீரில் வைத்துப் பேசினால் கீழே இருப்பவர்கள் குரலை அடையாளம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார்களாம். நான் முதல் காரணத்தை நம்பினேன். நீ எதை நம்பினாய் என்று சொன்னதே இல்லை.

தேயிலைக் கொழுந்து எடுக்க மாட்டோம் என்று இரண்டு பேரும் திருகோணமலைக் கடற்கரை ஹோட்டலுக்கு வேலைக்குப் போனோம். நீ துணி வெளுக்கும் லோன்றியில், நான் அறை கூட்டிப் பெருக்க. பக்கத்திலேயே முக்குளிப்புப் பள்ளிக்கூடம். ஒருநாள் அவர்கள் படகிலிருந்து இடுப்பில் கட்டும் ஈயப் பட்டி ஒன்று விழுந்துவிட்டது. சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஒருவன் தயாராவதற்குள் நீ வேலைச் சட்டையோடு முங்கி எடுத்து வந்து கொடுத்தாய். அவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். நீயோ கரைக்கு வந்து காலூன்றிய பிறகுதான் "இந்தாங்க" என்றாய்.

அப்படித்தான் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முங்குகிற கூட்டத்துக்குள் போனோம். மீன்காரர் வீட்டுப் பையன்கள், கண்டியிலிருந்து வந்த சிங்கள நர்ஸ் அக்கா, கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மெக்கானிக். லீவு நாட்களில் மிதவையில் கயிறு கட்டி, ஒவ்வொருவராக இறங்குவோம். எந்தத் தோட்டம், எந்தச் சாதி, அப்பா என்ன வேலை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு ஆழம் போனாய் என்பதுதான் கேள்வி. ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே காவல். தனியாக இறங்கவே கூடாது. நீ கீழே, நான் மேலே. கயிறு என் உள்ளங்கையில் துடிக்கும், நீ ஒவ்வொரு பிடியாக இறங்குவது தெரியும். நம்மைப் போன்ற ஆட்களின் உயிருக்கு ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

பிறகு போட்டி வந்தது. அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் தொடாத ஆழத்தை நீ எழுதிக் கொடுத்தாய். தட்டு அந்த ஆழத்தில் கயிற்றில் தொங்கும். அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்த்து வர வேண்டும். வந்ததும் முகமூடியைக் கழற்றி, விரலால் சைகை காட்டி, நடுவரைப் பார்த்து 'ஐ ஆம் ஓகே' என்று சொல்ல வேண்டும். எல்லாம் சில நொடிகளுக்குள். சொல்லாவிட்டால் சிவப்பு அட்டை, போனது போகாததுதான். மூளைக்கு மூச்சு எட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வழி அது. நீ ஒரு வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாய். உன் அம்மா போனில் "சோறு தின்னியா?" என்றால் "ஐ ஆம் ஓகே." சூப்பர்வைசர் "எங்கே அந்தப் படுக்கை விரிப்பு?" என்றால் "ஐ ஆம் ஓகே."

அன்று ஒலிபெருக்கிக்காரன் உன்னைத் 'தேயிலை பறிக்கும் ஏழைப் பெண்' என்று அறிவித்தான். நீ வாழ்நாளில் ஒரு கொழுந்து பறித்ததில்லை. "எனக்கொரு கூடையும் குடுத்து எறக்கி விடச் சொல்லு," என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு போனாய்.

வந்தாய். கையில் சீட்டு இருந்தது. முகம் தெளிவாக இருந்தது, உதடு நீலம் பாயவில்லை. முகமூடியைக் கழற்றினாய், விரலைக் காட்டினாய். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நடுவரைப் பார்க்காமல் கரையைப் பார்த்தாய்.

"சொல்லுடி! வாயத் தொற! சொல்லித் தொல!" என்று படகு விளிம்பிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நான் உன்னைத் தொட்டால் அதற்கும் சிவப்பு அட்டை, அதனால் கையைக் கட்டிக்கொண்டு கத்தினேன். நீ உதட்டை இறுக்கினாய். அந்த முகத்தை எனக்குத் தெரியும். டேமில் பிணத்தை அணைத்துக்கொண்டு வரும்போது நீ வைத்திருக்கும் முகம். சிவப்பு அட்டை உயர்ந்தது. நீ படகில் ஏறாமல் கரை வரைக்கும் நீந்திப் போய், மணலில் நின்று, யாருமில்லாத பக்கம் பார்த்து "ஐ ஆம் ஓகே" என்றாய். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

மாலையில் லோன்றிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது சொன்னாய்.

"தட்டுக்குப் பக்கத்துல ஆள் இருந்துச்சு புள்ள. தலமுடி எம் மொகத்துல பட்டுச்சு."

"பாசியா இருக்கும். அந்த ஆழத்துல மண்டை மயங்கும்னு அவங்களே சொல்றாங்கல்ல."

"பாசிக்கு வெரல் இருக்குமா?"

நீ மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டாய்.

"தூக்கிட்டு வர மூச்சு பத்தல. விட்டுட்டு வந்துட்டேன். ஆள விட்டுட்டு வந்தது இதுதான் மொத தடவ."

அடுத்த வருசம் மறுபடி இறங்குவோம், வாயைத் திறந்து சொல்வோம், அந்த ஆழம் உன் பெயரில் இருக்கும் என்று பேசி முடித்தோம். அது மட்டும்தான் உனக்கு வேண்டியிருந்தது. உன் பெயருக்கு எதிரே ஒரு ஆழம்.

மழைக் காலத்தில் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள் ஒருவர் டேமில் வழுக்கி விழுந்தார். கடற்படையிலிருந்து ஆள் வர மறுநாள் ஆகும். அதுவரை பொறுக்க அங்கே வந்த பொலிஸ் அதிகாரிக்கு மனமில்லை. "பொட்டக் பலன்ன நங்கி," கொஞ்சம் பார் தங்கச்சி என்று சிங்களத்தில், ஏதோ அடுப்பில் பால் பொங்குகிறதா பார்க்கச் சொல்வது போல உன்னிடம் சொன்னானாம். நீ எனக்குப் போன் பண்ணினாய்.

"மேல காவலுக்கு ஆளில்லாம எறங்க மாட்டேன்னுட்டேன். நீ வா."

"இப்பவே பஸ் ஏறுறேன். எறங்கிறாத. எவன் சொன்னாலும் எறங்கிறாத."

"விழுந்த ஆளோட பொஞ்சாதி எங் கால விட மாட்டேங்குது புள்ள."

அவ்வளவுதான். நான் கண்டியைத் தாண்டுவதற்குள் நீ இறங்கிவிட்டாய். கயிற்றின் மறுமுனையை ஒரு கொய்யா மரத்தில் கட்டியிருந்தார்கள். மரத்துக்கு உள்ளங்கை இல்லை.

நான் போய்ச் சேரும்போது பனி இறங்கி அக்கரை தெரியவில்லை. அதிகாரி ஜீப்புக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்துக் கூடையோடு நின்ற அக்காமார் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக் கொடுத்தேன். "நீங்க புடிச்சாத்தான் எறங்குவேன். மூணு தரம் இழுத்தா இழுங்க." அவர்கள் அழுதுகொண்டே பிடித்தார்கள்.

தண்ணீர் கறுப்பு. நான் கொண்டுவந்த முக்குளிப்பு டோர்ச் வெளிச்சம் கை நீளத்துக்குத்தான் போனது. பழைய லயத்தின் வாசல்படியில் நீ உட்கார்ந்திருந்தாய். எதிலும் சிக்கியிருக்கவில்லை. வலது கை அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. இடது கை பக்கத்தில் நீட்டியிருந்தது, விரல்கள் வளைந்து, ஒரு மணிக்கட்டைப் பிடித்திருக்கிற மாதிரி. விரல்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை. நான் அந்த விரல்களை நிமிர்த்தப் பார்த்தேன். அவை விடவில்லை.

உன்னைத் தூக்கி வந்தபோது உன் அம்மா கரையிலிருந்து "எம் மக இருக்காளா? சொல்லும்மா, இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கால் தரையில் பட்ட பிறகும் திறக்க முடியவில்லை. நீ சொந்த விருப்பத்தில் இறங்கியதாகப் பொலிஸ் எழுதிக்கொண்டது.

இந்த வருசம் போட்டியில் உன் ஆழத்தை என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். உன் உடுப்பைப் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, பிடி பிடியாக இறங்கினேன். தட்டைத் தொட்டேன். முகத்தில் தலைமுடி பட்டது. மயக்கம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை நீட்டித் துழாவினேன். தண்ணீர்தான் இருந்தது. சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

மேலே வந்ததும் உதடு தானாக இறுகியது. நர்ஸ் அக்கா மிதவையைப் பிடித்துக்கொண்டு "கியன்ன! சொல்லு!" என்று கத்தினார். உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. வாயைத் திறந்து 'ஐ ஆம் ஓகே' என்றேன். வெள்ளை அட்டை வந்தது. எல்லோரும் தண்ணீரைக் கையால் அடித்துக் கொண்டாடினார்கள். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. கரையிலிருந்து வெகு தூரத்தில், கால் எட்டாத கடலில் மிதந்தபடி, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். லயத்துக்காரர்கள் எதைச் செய்யக் கூடாது என்றார்களோ அதைத்தான், சத்தமாக, ஊரே கேட்கச் செய்தேன். அந்தக் கதையை நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

அந்த ஆழம் இப்போது என் பெயரில் இருக்கிறது. மனுக் கொடுத்துப் பார்த்தேன், உன் பெயரையும் போட முடியாதாம்.

அதற்குப் பிறகு நான் இறங்கும் நாட்களில் மேலே காவல் நிற்கிறவர்கள் கையைத் தேய்த்துக்கொள்கிறார்கள். "ஏன் இந்தப் புள்ள போனா மட்டும் கயிறு இவ்வளவு பாரமா இழுக்குது?" என்று மெக்கானிக் ஒருமுறை கேட்டான். கடலுக்கடியில் நீரோட்டம் இருக்கும் என்றேன். மிதவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நம் இரண்டு பேருக்கும் போதுமான அளவுக்கு மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.