கட்டத்தில் இல்லாத கேள்வி

செவ்வாய், இரவு.

சீ, என்ன பிழைப்பு இது. மாணவர்கள் என்ன கேட்பார்கள் என்று நாமே முன்கூட்டி எழுத, பாடத்திட்டத் தாளில் ஒரு கட்டம். ஐந்து கேள்விகள் எழுதி, நேற்றே ஐந்து பேரை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

இன்று அதிகாரி பார்வையிட வந்தார். தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரால் மூடினேன். அது அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. ஐவரும் வரிசையாகக் கேட்டார்கள். "ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று முடித்தேன்.

கடைசி பெஞ்ச் ஜெனிபர் எழுந்தாள். "மிஸ், வூட்ல ரெண்டு மெழுகுவத்தி வெச்சுப் பாத்தேன். தண்ணி இன்னும் மேல ஏறுச்சு. அதே டம்ளர்தான், ஆக்சிஜனும் அதேதானே மிஸ்? அப்புறம் எப்டி?"

"அதெல்லாம் அப்புறம். உக்காரு."

'மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்கிறார்கள். மிக நன்று' என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியை பால்கோவா நீட்டினார். வாங்கித் தின்றேன். வண்டலூர் பஸ் ஏறுமுன் கடையில் இரண்டு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இரண்டு மெழுகுவத்தி வைத்துப் பார்த்தேன். ஜெனிபர் சொன்னது சரி. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தெரிந்த மாதிரியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.